கரண்ட் போனால் ஓய்வெடுக்கும் எதிரி

மலைமேல் ஜமுனாமரத்தூரில் உட்கார்ந்துகொண்டு எங்கோ இருக்கும் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதில் பாதி, ஆக்சஸ் லாக் படிப்பது. எந்த முகவரியிலிருந்து யார் வந்தார், எந்தப் பக்கத்தைக் கேட்டார், கிடைத்ததா இல்லையா என்று சர்வர் வரிவரியாக எழுதிவைக்கும். எனக்கு ஊர்வம்பு பிடிக்கும். அதனால் இந்த வேலையும் பிடிக்கும்.

அன்றைக்கு ஒரு நர்சிங் கல்லூரிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். அந்தப் பக்கம் எங்கள் பொறுப்பு; சாயங்காலம் மூடிவிடும். மதியம் சென்னையிலிருந்து மேலாளர் கூப்பிட்டார். பால்காரர் இரண்டு தடவை மணியடித்தாலே ஹேக்கர் என்று நினைக்கிற மனிதர்.

"ஒரே அட்ரஸ்லேர்ந்து சரமாரியா வருது. வெளிநாட்டு அட்டாக்! நான் பிளாக் பண்ணிட்டேன். எவன்னு மட்டும் கண்டுபிடி."

லாகைத் திறந்தேன். ஒரே முகவரியிலிருந்து ஒரே நேரத்தில் ஏகப்பட்ட விண்ணப்பங்கள். போட்டோ பெரிதாக இருக்கிறது என்று சர்வர் திருப்பி அனுப்ப, அதே போட்டோவை மறுபடி மறுபடி ஏற்றியிருந்தான். உலகத்தையே உலுக்க வந்தவனுக்கு ஒரு போட்டோவைச் சின்னதாக்கத் தெரியவில்லை. பிளாக் செய்த பிறகும் விடாமல் தட்டிக்கொண்டிருந்தான், மானரோஷம் இல்லாமல்.

அப்போது வீட்டில் கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரியிலும் நெட் செல்போனிலும் ஓடியது. லாகில் எதிரியைக் காணோம். கரண்ட் வந்து ஃபேன் சுற்றியதும் எதிரியும் வந்தான். மறுபடி போனது, அவனும் போனான். எங்கள் மலைக் கரண்டுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கும் வெளிநாட்டு ஹேக்கர் இருக்க முடியாது. பைக்கை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துப் பக்கம் இருக்கும் பிரௌசிங் சென்டருக்குப் போனேன். ஊரில் இருப்பதே அது ஒன்றுதான்.

உள்ளே மேல் ஊர்களிலிருந்து வந்த பெண்பிள்ளைகள், அவர்களின் அம்மாக்கள். நடுவில் வியர்த்துப்போய்க் கடைக்காரர்.

"இன்னாண்ணா பண்றீங்க?"

"எல்லாம் ஒரே ஜீப்ல வந்ததுங்க. ஒருத்திக்கு மொதல்ல முடிச்சா மத்தவ அம்மா சண்டைக்கு வரும். அதான் எல்லாருக்கும் ஒண்ணாவே போட்றேன். இப்போ உள்ளயே வுட மாட்டேங்குது."

எல்லா விண்ணப்பங்களையும் வரிசையாகத் திறந்துவைத்து, முதலில் எல்லோருக்கும் பெயர், பிறகு எல்லோருக்கும் அப்பா பெயர் என்று பந்தியில் பரிமாறுவதுபோல் நிரப்பியிருக்கிறார். சிரிப்பு வந்தது. ஓரத்தில் நின்ற அம்மா ஒருத்தி பேசியதும் நின்றுவிட்டது.

"இன்னிக்கு வுட்டா இவளுக்குக் கல்யாணம்தாம்பா. அவங்கப்பா மாப்ளையே பாத்துட்டாரு."

அந்தப் பெண் மதிப்பெண் சான்றிதழ் இருந்த பிளாஸ்டிக் கவரைக் கசக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அங்கிருந்தே மேலாளரைக் கூப்பிட்டேன்.

"ஆளைப் புடிச்சியா?"

"புடிச்சிட்டேன் சார். நர்ஸ் ஆவணுமாம். பிளாக்கை எடுங்க."

நான் நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் கீபோர்டு சத்தம் கேட்டது.

"தொறந்துச்சு!" என்று கடைக்காரர் கத்தினார். பழக்கதோஷத்தில் எல்லா விண்ணப்பங்களையும் திறக்கப் போனவர், தலைக்கு மேல் ஃபேனைப் பார்த்தார். அது எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

"மொதல்ல அந்தப் பொண்ணுக்கு போட்றேன்" என்றார்.

எந்த அம்மாவும் சண்டைக்கு வரவில்லை.