உறவில்லாத வீட்டில் ஒரு சாப்பாடு

எங்களை அந்த டிவி போட்டிக்குள் இழுத்துவிட்டது என் கணவரின் கட்டைவிரல். தொழிற்சாலை கேன்டீனில் டீக்கு வரிசையில் நின்றபோது பொழுது போகாமல் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பியிருக்கிறார். இரண்டு இரண்டு பேராக ஊர் ஊராகப் போய்ச் சொன்ன வேலையை முடித்துவிட்டு வர வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஜோடி வெளியே போகும். கடைசியில் நிற்கும் ஜோடிக்கு சிங்கப்பூர் பயணம். அவருக்கு விமானத்தில் ஏறிவிட வேண்டும் என்று ஒரு தீராத ஆசை. ஓசூருக்கு மேலே பறக்கிற ஒவ்வொன்றையும் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. நம் இருவரிடமும் பாஸ்போர்ட்டே இல்லையே என்றேன். ஜெயித்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

அவர் மெஷின் ஷாப்பில் இருந்தார், நான் அசெம்பிளி லைனில். அவருக்குத் திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரு கிராமம். எனக்கு ஓசூரிலிருந்து பஸ் பிடித்தால் பேரிகை. எங்கிருந்தோ வேலை தேடி வந்தவனுக்குப் பெண் கொடுக்க என் அப்பாவுக்கு மனம் வரவில்லை. அப்பா வராமலேயே கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு மூன்று வருஷம் அவர் என்னோடு பேசவில்லை. அம்மா மட்டும் பக்கத்து வீட்டு போனிலிருந்து எப்போதாவது கூப்பிடுவாள், பேச ஆரம்பித்ததுமே அழுவாள். நான் மாடு கன்று போட்டதா என்று கேட்டுப் பேச்சை மாற்றுவேன். அப்பாவின் பிடிவாதத்தில் பாதி எனக்கும் உண்டு. கூப்பிடாத வீட்டுக்குப் போவதில்லை என்று இருந்தேன்.

டிவிக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்களைக் கூட்டி வைத்தார்கள். எல்லோருக்கும் மஞ்சள் டி-ஷர்ட். ஒவ்வொரு ஜோடியோடும் ஒரு கேமராமேனும் ஒரு நடுவரும் வருவார்கள். எங்களுக்கு வாய்த்த நடுவர் சென்னையிலிருந்து வந்த பெண். சின்ன வயசு, நல்ல மாதிரி, ஆனால் விதி என்றால் விதி. குலுக்கலில் ஒரு ஜோடிக்கு ராயக்கோட்டை வந்தது, ஒரு ஜோடிக்கு சூளகிரி. என் கணவர் சீட்டைப் பிரித்தார். பேரிகை என்றிருந்தது.

வேலை எல்லோருக்கும் ஒன்றுதான். அந்த ஊரில் சொந்தமோ பழக்கமோ இல்லாத ஒரு வீட்டில் மதியச் சாப்பாடு சாப்பிட வேண்டும். வந்தவர்கள் யாரென்று தெரியாது என்று வீட்டுக்காரர் கேமரா முன்னால் சொல்ல வேண்டும், சாப்பிட்டவர்களும் அதையே சொல்ல வேண்டும். மொத்தம் நான்கு வீடுகள் முயலலாம்.

"உன் ஊருல்லா? பாதி ஜெயிச்ச மாதிரிதான்" என்று அவர் காதில் சொன்னார். உள்ளூர் மாடு விலை போகாது என்று நான் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. வேறு சீட்டு எடுக்கவும் விடமாட்டார்களாம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, அப்பா வீடு இருக்கும் தெருவுக்குள் போகாமலே வேலையை முடித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஒருமுறை அந்த வாசலைத் தாண்டிப் போனால் என்ன என்றும் நினைத்தேன். இரண்டில் எது பெரிய நினைப்பு என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

எங்கள் ஊரில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. தமிழ் பேசுகிறவர், தெலுங்கு பேசுகிறவர், கன்னடம் பேசுகிறவர், யாராக இருந்தாலும் ஒரு உறவுமுறை உண்டு. வளையல் விற்க வருகிறவர்கூட எனக்கு மாமா. முதல் வீட்டு வாசலில் ஒரு அம்மாள் முறத்தில் புளி ஆய்ந்துகொண்டிருந்தார். அவர் வீட்டில் கன்னடம்தான் பேசுவார்கள், எங்களுக்கும் அவர்களுக்கும் எந்த ஒட்டும் கிடையாது. என் வாய் சும்மா இருக்குமா? "பெரியம்மா" என்றது. நடுவர் அந்த வீடு கணக்கில் சேராது என்று அடித்துவிட்டார். சும்மா கூப்பிடுவதுதான், நிஜமான பெரியம்மா இல்லை என்று நான் விளக்கினேன். நீங்களே கூப்பிட்டுவிட்டு இல்லை என்றால் எப்படி என்று அவர் கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அடுத்த வீட்டில் என்னை வாயைத் திறக்கக் கூடாது என்று நிறுத்திவிட்டு என் கணவர் பேசினார். வீட்டுக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். நம்ம ஊரு மாப்பிள்ளைதானே, போட்டோவில் பார்த்திருக்கிறேன் என்றார். மூன்றாவது வீட்டில் அந்த அளவுக்குக்கூடப் போகவில்லை. நான் தெருவில் நிற்பதைப் பார்த்ததும் உள்ளேயிருந்து இரண்டு பெண்கள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பேரிகையில் எனக்கு அந்நியர் என்று ஒருவர்கூட இல்லை என்பதை ஒரு டிவி போட்டி வந்து எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

இன்னும் ஒரு வீடுதான். கணவருக்குப் பொறுமை போய்விட்டது. எங்களை விட்டுவிட்டு வேகமாக நடந்தார். அவருக்கு என் அப்பா வீடு தெரியாது, ஒருநாளும் வந்ததில்லை. ஓட்டு வீடு, முன்னால் தக்காளிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன, திண்ணமாக விவசாயி வீடு, சோறு இருக்கும் என்று கணக்குப் போட்டு நேராக அந்த வாசலில் போய் நின்றார். நான் தெருமுனையில் நின்றேன். கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். கேமரா ஓடிக்கொண்டிருந்தது என்று பிறகு சொல்லிக்கொண்டேன், ஆனால் காரணம் அதுவல்ல. கதவு திறக்குமா என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

அப்பா வெளியே வந்தார். முடி நிறைய வெளுத்திருந்தது. என் கணவரைப் பார்த்தார், மஞ்சள் சட்டையைப் பார்த்தார், பிறகு தெருவில் நின்ற என்னைப் பார்த்தார். பின்னால் ஊரே கூடியிருந்தது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. நடுவர் விதியைச் சொல்லிவிட்டு, இவர்களை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

"யாருன்னு தெரியலைங்க" என்றார் அப்பா. "பசின்னு வந்திருக்காங்க. சாப்பிட்டுப் போவட்டும்."

என் கணவர் வெற்றிச் சிரிப்போடு திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு அது யார் வீடென்று புரிந்தது.

உள்ளே போய் உட்கார்ந்தோம். அம்மா கேழ்வரகுக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் கொண்டுவந்தாள். யாரோ வழிப்போக்கருக்குப் போடுவது போல, இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்கம்மா என்றாள் என்னிடம். என் கணவர் களியை வாயில் போட்டு மென்றார், தெற்கத்திக்காரர், வேறென்ன செய்வார். மெல்லக் கூடாது தம்பி, குழம்பில் தோய்த்து அப்படியே முழுங்கணும் என்று அப்பா சொல்லிக் கொடுத்தார். பிறகு பேச்சு ஆரம்பித்தது. எந்த ஊர், அங்கே என்ன வெள்ளாமை, மழை உண்டா, அப்பா அம்மா இருக்கிறார்களா, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர். வாடகை வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா. சம்சாரமும் நைட் ஷிப்ட் போகிறார்களா, உடம்பு தாங்குகிறதா. மூன்று வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்த எல்லாவற்றையும் யாரோ ஒருவரிடம் கேட்பது போலக் கேட்டார். கணவர் ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். என் பக்கம் அப்பா திரும்பவே இல்லை.

தட்டில் கடைசி உருண்டை இருக்கும்போது நடுவர் என் அருகில் வந்து குனிந்தார். நீங்களும் தெரியாது என்று சொன்னால் முடிந்தது, அடுத்த சுற்றுக்குப் போய்விடுவீர்கள் என்றார். கேமரா என் முகத்துக்கு வந்தது. இந்த வீட்டுக்காரர் உங்களுக்கு யார் என்று கேட்டார்.

யாருமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சிங்கப்பூர் ஞாபகம் இருந்தது, பக்கத்தில் இருந்தவரின் ஆசையும் ஞாபகம் இருந்தது. அந்த வார்த்தை வரவில்லை. அதை ஒருமுறை சொல்லிவிட்டால் பிறகு அது நிஜமாகிவிடும் என்று பயந்தேன்.

"எங்க அப்பா" என்றேன்.

நடுவர் நிமிர்ந்து கேமராமேனைப் பார்த்தார். என் கணவர் குழம்பைத் தொட்டு நக்கினார். சமையலறை வாசலில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா எழுந்து நின்றுவிட்டார். "ஏண்டி, உனக்கு அறிவிருக்கா? அதுக்குத்தானே நான் அப்படிச் சொன்னேன்? வாயை மூடிக்கிட்டு ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போயிருந்தா ஜெயிச்சிருப்பீங்க இல்ல? சின்ன வயசுல இருந்து இதே புத்திதான் உனக்கு."

அதோடு விடவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் செய்தது, மாட்டை அவிழ்த்துவிட்டது, ஒரு வார்த்தை கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டது என்று ஒவ்வொன்றாக, ஊர் முழுக்கக் கேட்கும்படி திட்டினார். கேமராவை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு அழுகையும் வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அவர் திட்டி முடிக்கும்வரை நான் தட்டை விட்டு எழுந்திருக்கவில்லை.