மூலை டேபிளுக்கு இரண்டு பிரியாணி

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை மதியம், உக்கடத்தில் ஒரு ஓட்டலுக்குப் போய் உருதுவில் சாப்பாடு ஆர்டர் பண்ணினேன். நானேதான்! சிரிக்காதீர்கள். சாப்பிட்டு முடித்தபோது நானும் சிரிக்கிற நிலையில் இல்லை.

மகள் ஹைதராபாத்தில் வேலை பார்க்கிறாள். போன தடவை அங்கே போனபோது, ஓட்டலில் தயிர் கேட்க நான் போட்ட அபிநயத்தைப் பார்த்து நாலு டேபிள் சிரித்தது. மானம் போயிற்று. பீளமேடு திரும்பியதும் எதிர் ஃபிளாட் மெஹ்ரூன் அக்காவிடம் போய் நின்றேன். அவர் வீட்டுப் பேச்சு உருது. தனியாக இருக்கிறார். மூட்டு வீங்கி, படி இறங்க முடியாமல் கிடந்த நேரம் அது.

"ஓட்டல்ல ஆர்டர் பண்ற அளவுக்குப் போதுங்க்கா."

அக்கா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சொல்லித் தாரேன். ஆனா அப்படியே சொல்லோணும். ஒரு வார்த்தை மாறக்கூடாது. சரிங்களா அம்மணி?"

மொத்தம் நாலே வாக்கியம். மூலை டேபிள் வேண்டும். இரண்டு பிரியாணி. ஒன்றில் காரம் கம்மி. கடைசியாக, ரயில் நீளத்துக்கு ஒன்று — "வோ காடி கடி கர்கே ஆ ரஹே ஹைங்."

ஒருத்திக்கு எதற்கு இரண்டு பிரியாணி? "காரம் கம்மியானது எனக்குப் பார்சலுங்க" என்றார். சரி. அந்தக் கடைசி வாக்கியம்? "அது மரியாதைங்க. நாம பேசி முடிக்கறப்ப 'ங்க' போடறமில்ல... அந்த மாதிரி."

மரியாதை என்று சொல்லிவிட்டால் கோயமுத்தூர்க்காரி மேற்கொண்டு கேள்வி கேட்பாளா? இவ்வளவு நீளத்துக்கா மரியாதை என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரே மூச்சில் நாலு 'ங்க' போடுகிற ஊர்தானே நம்முடையது!

பரீட்சை எழுத வேண்டிய இடத்தையும் அக்காவே சொன்னார். உக்கடத்தில் அவர் வழக்கமாகப் போகிற கடை. வெள்ளிக்கிழமை. சரியாக ஒரு மணி.

போனேன். வயதான சப்ளையர் ஒருவர் வந்தார். மூலை டேபிள் கேட்டேன், கிடைத்தது. இரண்டு பிரியாணி என்றேன், தலையாட்டினார். ஒன்றில் காரம் கம்மி என்றதும், டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கை மெதுவானது. கடைசி வாக்கியத்தையும் சொல்லி முடித்தேன்.

கை நின்றேவிட்டது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தார். கல்லாவில் இருந்தவரும் எழுந்து நின்று வாசலைப் பார்த்தார். என் உச்சரிப்பு அப்படி ஆளை அசத்திவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அசடு!

ஒரு தட்டு எனக்கு. இன்னொன்றை எனக்கு எதிரே வைத்தார். அங்கிருந்த நாற்காலியை லேசாகப் பின்னால் இழுத்தும் விட்டார். பார்சல் என்று சொல்லியிருக்கலாம், ஏனோ வாய் வரவில்லை. யாரோ கை கழுவ எழுந்து போயிருக்கிற மாதிரி இருந்தது அந்த இடம். கடையில் எல்லோரும் அடிக்கடி வாசலைப் பார்க்க, நானும் பார்க்க ஆரம்பித்தேன்.

நான் முடித்ததும் சப்ளையர் எதிர்த் தட்டை எடுத்தார். சுத்தமான தமிழில் கேட்டார்: "மெஹ்ரூன் அக்காளுக்கு உடம்பு எப்படி இருக்குதுங்க?"

நான் அக்கா பெயரையே சொல்லவில்லையே!

"அந்தக் கடைசிப் பேச்சை இங்க வேற யாரும் பேசறதில்லைங்க. 'அவர் வண்டிய நிறுத்திட்டு வர்றாரு'ன்னு அர்த்தம்."

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, அக்காவின் வீட்டுக்காரர் அவரைக் கடை வாசலில் இறக்கிவிட்டிருக்கிறார். 'நீ போய் ஆர்டர் பண்ணு, வண்டிய நிறுத்திட்டு வாரேன்' என்றிருக்கிறார். அக்கா உள்ளே வந்து இதே நாலு வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார். அவர் வரவில்லை. ஸ்கூட்டர் மட்டும் பக்கத்துச் சந்தில் நின்றது. போலீஸ், பேப்பரில் விளம்பரம், தர்கா... எல்லாம் பார்த்தாகிவிட்டது.

"சைடு லாக் போட்டிருந்துச்சுங்க" என்றார் சப்ளையர். "ஒரேயடியா விட்டுட்டுப் போறவரு எதுக்குங்க லாக் போடோணும்?"

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அக்கா வருகிறார். அதே டேபிள், அதே ஆர்டர்.

வீட்டுக்கு வந்ததும் பொரிந்து தள்ளினேன். "என்னை ஏமாத்திப்போட்டீங்களேக்கா!"

அக்கா அழவில்லை. முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "மூணு வெள்ளிக்கிழமை என்னால போக முடியலைங்க. அதுல ஒரு நாள் அவர் வந்திருந்தா? டேபிள்ள யாரையும் காணோம்னு திரும்பிப் போயிருந்தா? சொல்லுங்க அம்மணி."

என்னத்தைச் சொல்ல? நான் படித்தது பி.எஸ்சி. பிசிக்ஸ். அதில் இதற்குப் பதில் இல்லை.

இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு அதே மூலையில் உட்கார்ந்திருந்தேன். அர்த்தம் தெரிந்து சொல்வது வேறு. கடைசி வாக்கியத்தை வாசலைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். சொல்லி முடித்த சற்று நேரத்தில் வெளியே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஸ்டாண்டு போடும் சத்தம். அப்புறம், சைடு லாக் விழும் சத்தம்... கடக்.

சப்ளையர், கல்லாக்காரர், நான் — மூன்று பேரும் வாசலையே பார்த்தோம். யாரும் வரவில்லை. எழுந்து போய் எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பயமாக இருந்தது. சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது அங்கே வண்டி எதுவும் இல்லை.

"வந்தாருங்களா?" என்று கேட்டார் அக்கா. இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. "இன்னும் இல்லீங்க்கா" என்றேன்.

'இதோ வாரேன்' என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம்? எத்தனை தடவை கேட்கிறோம்? திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விடுகிறோம் இல்லையா?

நேற்று மறுபடியும் வெள்ளிக்கிழமை. வெயில் கொளுத்துகிறது, பஸ் வேண்டாம் என்று என் வீட்டுக்காரரே ஸ்கூட்டரை எடுத்தார். அவரிடம் இந்தக் கதை எதையும் நான் சொல்லியிருக்கவில்லை. பிரியாணி சாப்பிடப் போகிறோம் என்று மட்டும் தெரியும். கடை வாசலில் ஓரம் கட்டினார்.

"நீ போய் ஆர்டர் பண்ணிப்போடு கண்ணு. நான் வண்டிய நிறுத்திப்போட்டு வாரேன்."

நான் இறங்கவில்லை.