என் பெயரில் அன்ரனின் கார்

என் கையெழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழைகளைப் பத்திரிகை ஆசிரியர் திருத்திக்கொள்ளட்டும், வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால் எழுதுகிறேன்.

இத்தாலியில், இந்தப் பலெர்மோ நகரத்தில் சிவப்பு விளக்கைக் கண்டு காரை நிறுத்தினால், பின்னால் வருபவன் ஹோர்ன் அடித்துத் தலையை வெளியே நீட்டித் திட்டுவான். மன்னாரில் விளக்கில்லாத சைக்கிளைப் பொலிஸ் கண்டுவிடும் என்று இறங்கி உருட்டிக்கொண்டு போனவன் நான். இங்கே ஒருவருக்கும் எதற்கும் பயமில்லை. ஆனால் கார்க் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சின்ன இன்சூரன்ஸ் துண்டு சரியாக இருக்கவேண்டும். அந்தத் துண்டால்தான் என் லைசென்ஸ் போனது.

வாழ்க்கையில் நான் பாஸ் பண்ணிய ஒரே சோதனை அது. படங்களைப் பார்த்து வாயால் விடை சொல்லி எடுத்தேன். அதை வைத்துத்தான் சீசா என்ற பகுதியில் ஒரு வயதான சிஞ்ஞோராவிடம், அதாவது ஓர் இத்தாலிய அம்மாவிடம், வேலை கிடைத்தது. இரத்தம் சுத்திகரிக்க அவரை அவருடைய காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வருவேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பெர்மெசோ, அதாவது இங்கே தங்கும் அனுமதி, இல்லாதவன் கார் வாங்கினால் பெர்மெசோ உள்ள இன்னொருவன் பெயரில் பதிவான். டெலிபோனும் வீட்டு வாடகையும்கூட அப்படித்தான். என் மனைவியின் ஊர்க்காரன் அன்ரன் வந்து கேட்டபோது மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

"அண்ணை, பேர் மட்டும்தான். மிச்சமெல்லாம் நான் பாக்கிறன்."

அவன் பார்த்த இலட்சணம் இதுதான். இன்சூரன்ஸ் முடிந்ததும் வேறு ஒருவனுடைய துண்டைக் கலரில் போட்டோக்கொப்பி எடுத்து ஒட்டியிருக்கிறான். பிறகு கபோ சந்தையில் ஒரு தக்காளி வண்டிலை இடித்துக் கவிழ்த்துவிட்டு, காரை நடுத்தெருவில் விட்டு ஓடிவிட்டான். வண்டில்காரன் பொலிசுக்குச் சொன்ன ஒரே அடையாளம், ஒரு கறுத்த ஆள். அது எனக்கும் பொருந்தும். காரும் என் பெயரில். என் லைசென்சை நிறுத்திவைத்தார்கள். மாத முடிவுக்குள் அது வராவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாகச் சிஞ்ஞோராவின் மகன் சொல்லிவிட்டான்.

லைசென்சைக் கேட்கப் போவதற்கு முதல்நாள் அன்ரன் வீட்டுக்கு வந்தான். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறான் என்று நினைத்துத் தேத்தண்ணி போடச் சொன்னேன்.

"அண்ணை, ஒரு வான் மலிவா வருகுது. உங்கடை பேரிலை போடுவமோ?"

"உனக்கு வெக்கமில்லையோடா?" என்று மனைவி குசினிக்குள் இருந்து கத்தினாள். "இந்த மனிசன்ரை வேலை போகப்போகுது. ஆர் ஓட்டினதெண்டு நாளைக்குச் சொல்லத்தான் போறார்."

"ஐயோ அக்கா, என்னைப் பிடிச்சா நேரா கொழும்புக்கு ஏத்திவிடுவாங்கள். அங்கை இறங்கினா தமிழனெண்டு பிடிச்சு உள்ளுக்கை போடுவாங்கள்."

அதைச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணியை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டுப் போனான்.

மறுநாள் லைசென்ஸ் அலுவலகத்தில் வரிசை என்று ஒன்று இல்லை. சிகரெட் புகை, வியர்வை நாற்றம், ஆளை ஆள் இடிக்கும் முழங்கைகள். கிளாக்கர் என் கோவையைப் புரட்டினார்.

"ஓட்டியது வேறு யாராவது என்றால் பெயரைச் சொல். லைசென்சை இன்றைக்கே தருகிறேன். நீதான் என்றால் இன்னும் ஆறு மாதம்."

பெயர் தொண்டைவரை வந்தது. அன்ரன் முகத்தில் காறித் துப்பவேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் அவனைக் கொழும்பில் கொண்டுபோய் இறக்கிய ஆளாக நான் இருக்க முடியாது.

"நான்தான்" என்றேன்.

கிளாக்கர் ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கண்ணாடித் துவாரத்தால் கையை நீட்டி என் கையைக் குலுக்கினார். "நீ இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பெயரைச் சொல்லவில்லையே, பிராவோ! இங்கே ஒருவரும் ஒருவரையும் காட்டிக்கொடுப்பதில்லை. இனி நீ பலெர்மோக்காரன்."

"எனக்கு அருவருப்பாக இருக்கிறது" என்று அரைகுறை இத்தாலியனில் சொன்னேன். அலுவலகத்தைச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டு, "எங்களுக்கும்தான்" என்று சிரித்தார்.

வேலை போனது. மாதக்கணக்காக மாடிப்படி கழுவினேன். போன வெள்ளிக்கிழமை லைசென்ஸ் திரும்பிவந்தது. தந்தபோது அதே கிளாக்கர் மறுபடி கை குலுக்கினார்.

இன்று பூசை முடிந்து கோயில் வாசலில் எங்கள் ஆட்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "எங்கடை பொடியனைக் காட்டிக் குடுக்கேல்லை. இவரெல்லோ உண்மையான தமிழன்!" என்று ஒரு பெரியவர் தோளில் தட்டினார். அன்ரனும் பக்கத்தில் நின்று, "ஓம் ஓம்" என்று தலையாட்டினான்.

பொய் சொல்லி அன்ரனை மறைத்த, எனக்கே பிடிக்காத அந்த ஒரு காரியத்துக்காகப் பலெர்மோக்காரரும் எங்கள் ஆட்களும் என்னைத் தங்கள் ஆளாக எடுத்துக்கொண்டார்கள். நேரே வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினேன். அவர் குலுக்கிய கையையும் இவர் தட்டிய தோளையும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். ஈரம் காயமுதல் இதை எழுத உட்கார்ந்தேன்.

பலெர்மோ, 1997 ஐப்பசி 19, ஞாயிற்றுக்கிழமை.