வீட்டுக்குள் தொப்பி

லண்டனுக்கு வந்த நாளிலிருந்து நான் குளிரைத் திட்டாத வருடமில்லை. பஸ் தரிப்பில் நின்று திட்டுவேன். விமான நிலையத்துக் கார்கோ கொட்டகையில், எப்போதும் திறந்தே கிடக்கும் அந்தப் பெரிய கதவுக்கு முன்னால் பெட்டி தூக்கிக்கொண்டு திட்டுவேன். அப்படிப்பட்ட நான் ஓர் ஒக்டோபர் மாதம் முழுக்க, எப்போது குளிரும் எப்போது குளிரும் என்று கைபேசியில் வானிலையைப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். கூட வேலை செய்தவர்கள் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அப்போது நான் ஹவுன்ஸ்லோவில், ஒரு யாழ்ப்பாணத்து அண்ணையின் வீட்டில் மேல்மாடி அறையொன்றில் இருந்தேன். அவரும், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும் கீழே. மேலே நானும், நானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய ஒரு கணினியும். கல்யாணம் கட்டவில்லை. ஞாயிறு மட்டும் ஓய்வு.

அந்தக் கணினியின் சிப்பை, அதைச் செய்தவர்கள் விதித்த வேகத்துக்கு மேலே ஓடவைத்திருந்தேன். ஓவர்கிளாக் என்பார்கள். பழைய மாட்டை அடித்து ஓட்டுவதுதான், வேறொன்றுமில்லை. ஓடும், ஆனால் கொதிக்கும். கொதிப்பு ஓர் அளவைத் தாண்டினால் தன்பாட்டில் நின்றுவிடும். புதிதாக ஒன்று வாங்கலாமே என்று அண்ணை கேட்பார். பழையதை வைத்துச் சாதிப்பதில் உள்ள திமிர் அவருக்கு விளங்காது.

எனக்கு இவ்வளவு வேகம் எதற்கு என்றால், விமானம் ஓட்டுவதற்கு. நாற்பத்தைந்து வயதில் விளையாட்டு விமானம். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். அந்த விளையாட்டில் உண்மையான பயணத்துக்கு எத்தனை மணித்தியாலமோ அத்தனை மணித்தியாலமும் இருந்து ஓட்டவேண்டும். நான் ஓட்டியது ஒரே ஒரு பாதைதான், ஹீத்ரோவிலிருந்து எங்கள் ஊர்ப் பக்கத்துப் பலாலிக்கு. பலாலியில் அவ்வளவு பெரிய விமானம் இறங்காது என்று எனக்கும் தெரியும். விளையாட்டுக்கு அது தெரியாது.

ஊருக்கு நேரேயே போகலாமே என்று கேட்பீர்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கையில் இருந்தும் போகக்கூடாத ஆட்கள் சிலர் இருக்கிறோம். காரணத்தை இங்கே எழுதப்போவதில்லை. அம்மாவுக்குத் தெரியும், அது போதும்.

கோடை முழுக்க முயன்றேன். விடியற்காலையில் புறப்பட்டு, ஏழாவது மணித்தியாலத்தில், அரபிக்கடலுக்கு மேலே படம் அப்படியே நின்றுவிடும். கடலும் அசையாது, முகிலும் அசையாது. மூன்று ஞாயிறுகள் அப்படி நடுக்கடலில் நின்றேன். பெட்டியின் மேல் கை வைத்தால் சுட்டது. சின்னக் காற்றாடி ஒன்று வாங்கிப் பூட்டினேன், இரண்டாவதையும் பூட்டினேன். அறையின் சூட்டையே சுற்றிச் சுற்றி ஊதினால் என்ன குளிரும்? வெளியே இருக்கும் காற்றை உள்ளே கொண்டுவரவேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

உடுப்பு காயவைக்கும் மெஷினிலிருந்து சூட்டை வெளியே விடுகிற வெள்ளிக் குழாய் ஒன்று உண்டு, இழுத்தால் நீளும், அமத்தினால் சுருங்கும். அதில் ஒன்றை வாங்கினேன். யன்னலை ஒரு சாண் உயர்த்தி, அந்த இடைவெளிக்கு அளவாகத் தடித்த மட்டை வெட்டி, மட்டையில் வட்டமாக ஓட்டை போட்டுக் குழாயின் ஒரு முனையைச் செருகினேன். மறுமுனை கணினியின் வாயில். உள்ளே ஒரு காற்றாடி வெளிக்காற்றை உறிஞ்சும். மீதி இடைவெளிக்குள் ஒரு பழைய துவாயைத் திணித்தேன். அண்ணை மேலே வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் காஸ் எரிச்சு வீட்டைச் சூடாக்கிறன். நீ யன்னலைத் திறந்து ஹவுன்ஸ்லோ முழுக்கச் சூடாக்கிறாய்."

"ஞாயிறு மட்டும்தான், அண்ணை. அறை ஹீட்டரையும் நிப்பாட்டிப்போட்டன்."

"பிறகு நீ எப்பிடி இருப்பாய்?"

"தொப்பி இருக்கு."

சிவப்புக் கம்பளித் தொப்பி. சந்தையில் வாங்கியது, காதையும் மூடும். நவம்பரில் முதல் உறைபனி விழுந்த ஞாயிறன்று அதைப் போட்டு, ஜக்கெட்டும் கையுறையும் போட்டு, காலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு விமானத்தில் ஏறினேன். தொண்ணூறைத் தொட்டுக்கொண்டு நின்ற சிப்பின் சூடு அறுபதுக்கு இறங்கியது. ஏழாவது மணித்தியாலம் வந்தது, போனது. கடல் அசைந்தது. பத்தரை மணித்தியாலத்துக்குப் பிறகு, மூக்கு நுனி மரத்துப்போய், நான் பலாலியில் இறங்கினேன்.

இறங்கிப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஒரு சாம்பல் கோடு, பச்சைத் தரை. எங்கள் வீடு இருக்கவேண்டிய இடத்தில், விளையாட்டைச் செய்தவன் ஒரே மாதிரியான ஐந்து மரங்களை நட்டுவிட்டுப் போயிருந்தான். என்றாலும் எஞ்சினை நிறுத்திவிட்டு அந்த ஐந்து மரங்களையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழுகை வந்தது. அதற்கு நான் வெட்கப்படவில்லை. அடுத்த ஞாயிறும் போனேன்.

பிழை நடந்தது அந்த அடுத்த ஞாயிறுதான். அம்மா ஞாயிறு காலையில் கூப்பிடுவா. அங்கே அவ மத்தியானச் சோறு முடித்துப் படுக்கப் போகும் நேரம். கூட இருக்கும் தங்கச்சி வீடியோவைப் போட்டுக் கையில் கொடுப்பாள். நான் எங்கேயோ கருங்கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்தேன், தொப்பியைக் கழற்ற மறந்துவிட்டேன்.

"வீட்டுக்குள்ளை என்ன தம்பி தொப்பி?"

"சும்மா, அம்மா."

"வாயாலை புகை வருது."

வந்ததுதான். கைபேசியைத் திருப்பப் பார்த்தேன், திருப்பிய பக்கம் யன்னல். துவாய் திணித்த ஓட்டையும் மட்டையும் அப்படியே தெரிந்தன.

"யன்னல் கண்ணாடி உடைஞ்சு போச்சே? துணி அடைஞ்சு வைச்சிருக்கிறாய்."

"இல்லை அம்மா. கொம்பியூட்டர் சூடாகுது. அதைக் குளிர வைக்கிறதுக்கு நான்தான் திறந்து வைச்சிருக்கிறன்."

அம்மா என் முகத்தையே பார்த்துவிட்டு, "சாப்பிட்டியோ?" என்றா. சாப்பிட்டேன் என்றேன். கைபேசியைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டா.

அவ ஏன் நம்பவில்லை என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. நான் வந்த முதல் குளிர்காலத்தில் ஆறு பேராக ஒரு வீட்டின் பின்பக்கக் கராஜில் படுத்தோம். சீமெந்துத் தரை, ஆறு பேருக்கு மூன்று போர்வை. தொலைபேசி அட்டை வாங்கி அம்மாவுக்குப் பேசும்போது, நல்ல அறை அம்மா, ஹீட்டர் இருக்கு, கட்டில் இருக்கு என்பேன். பக்கத்தில் நின்று தன் முறைக்குக் காத்திருப்பவனும் தன் அம்மாவுக்கு அதையேதான் சொல்வான். இங்கே வந்த எல்லோரும் சொன்ன பொய்தான் அது. எங்களுக்கு அது பொய்யாகவே தெரியவில்லை, நலம் விசாரித்தால் நலம் என்பதுபோல ஒரு வழக்கம். அந்த ஆறு பேரில் ஒருவன் பிறகு ஊருக்குத் திரும்பினான். போனவன் சும்மா இருக்காமல் எங்கள் வீட்டுக்குப் போய்த் தேநீர் குடித்துவிட்டு, கராஜ், சீமெந்து, மூன்று போர்வை எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டான்.

அம்மா அதை என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. தங்கச்சிதான் பல வருடம் கழித்துச் சொன்னாள். "அவன் வந்து சொன்ன நாளிலையிருந்து அம்மா நீ சொல்லுறதைக் கேக்கிறேல்லை அண்ணா. உன்ரை முகத்தைத்தான் பாக்கிறா."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த நவம்பரில்தான் அம்மாவுக்கு லண்டன் வர விசா கிடைத்திருந்தது. ஆறு மாதத்துக்குள் வந்து திரும்பிவிடவேண்டும். இரண்டு முறை மறுத்து மூன்றாம் முறை கொடுத்தது. குளிர் முடிந்து பங்குனியில் வருவதாக ஏற்பாடு. டிக்கெட் எடுத்துவிட்டேன். அண்ணை கீழே முன்னறையை அவவுக்கு ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருந்தார், அக்கா படிக்கட்டில் பிடித்து ஏறக் கைபிடி போடச் சொல்லி அண்ணையை அரித்துக்கொண்டிருந்தா. நான் அம்மாவைக் கடைசியாகத் தொட்டு இருபது வருடத்துக்கு மேல்.

தை பிறந்து ஒரு கிழமையில் தங்கச்சி தயங்கித் தயங்கிச் சொன்னாள். அம்மா வரமாட்டாவாம்.

நான் அம்மாவிடம் கேட்டேன். அவ கோபமாகப் பேசவில்லை, கணக்குப் பார்த்து முடிவெடுத்த குரலில் பேசினா. "உடைஞ்ச யன்னலுக்குத் துணி அடைஞ்சு, தொப்பியோடை இருக்கிறாய். உனக்கே போர்வை காணாது. நானும் வந்து ரெண்டு மாசம் உன்ரை தலையிலை இருக்கிறதோ?"

விளக்கினேன். சிப் என்றேன், சூடு என்றேன், குழாயைக் கழற்றிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி ராசா" என்றா. அந்தச் சரியை எனக்குத் தெரியும். கராஜ் காலத்தில் நான் கட்டிலைப் பற்றிச் சொன்னபோதும் அதே சரியைத்தான் சொல்லியிருப்பா.

வேறு வழியில்லாமல் கீழே போய் அண்ணையைப் பிடித்தேன். அவர் கைபேசியை வாங்கி, சட்டையைச் சரிசெய்துகொண்டு பேசினார்.

"அம்மா, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. வீட்டிலை ஹீட்டர் காலமையும் பின்னேரமும் ஓடுது. இவர்தான் யன்னலைத் திறந்து வைச்சிருக்கிறார்."

"ஏனாம்?"

"கொம்பியூட்டர் குளிரவேணுமாம்."

அம்மா சிரித்தா. "நீங்கள் நல்ல பிள்ளை. அவன் சொல்லித் தந்ததை ஒரு சொல்லும் பிசகாமல் சொல்லுறியள். அவனை இவ்வளவு நாளும் வீட்டிலை வைச்சுப் பாக்கிறதே பெரிய காரியம். அறைக்கு ஹீட்டர் போடச் சொல்லி நான் கேக்கமாட்டன்."

அண்ணை கைபேசியைத் திருப்பித் தந்துவிட்டுச் சோபாவில் இருந்தார். "இமிகிரேசன்காரர் உன்ரை அம்மாவிட்டை வந்து படிக்கவேணும்," என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு அழைப்புக்கும் அரை மணித்தியாலம் முன்னதாகவே யன்னலைப் பூட்டி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, அரைக் கைச் சட்டையோடு இருந்தேன். அம்மா அதையும் பார்த்தா. "எனக்குக் காட்டுறதுக்காகச் சூடாக்கியிருக்கிறாய். நான் வந்தால் ரெண்டு மாசமும் இப்பிடி எரிக்கவேணும்," என்றா. பொய் சொன்ன காலத்தில் என்னால் அவவை ஏமாற்ற முடியவில்லை, உண்மை சொன்ன காலத்தில் நம்பவைக்கவும் முடியவில்லை. வைகாசியில் விசா முடிந்தது. டிக்கெட்டில் குறித்த நாளில் நான் வேலையில் இருந்தேன். கொழும்பு விமானம் வந்து இறங்கியதைக் கொட்டகைக் கதவிலிருந்து பார்த்தேன்.

என்னை இன்றைக்கும் குடைவது வேறொன்று. முதல் நாளே குழாயைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். எறியவில்லை. அம்மா வருவதா விடுவதா என்று யோசித்த அந்த இரண்டு மாதமும், அவ கைபேசியை வைத்த கையோடு நான் மறுபடி யன்னலைத் திறந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு பலாலிக்குப் பறந்துகொண்டிருந்தேன். ஐந்து மரத்துக்காக அம்மாவை விட்டுவிட்டேன் என்று சில நாட்களில் தோன்றும்.

மறுவருடம் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. இனி நீண்ட பயணம் ஏலாது என்றார்கள். அதற்குப் பிறகுதான், மறைக்க ஒன்றுமில்லை என்றானபின், அந்தக் கணினியில் நான் என்னதான் செய்தேன் என்பதைச் சொன்னேன். அதுவரை வேலை என்றே சொல்லியிருந்தேன்.

"விமானம் ஓட்டுறனான் அம்மா. விளையாட்டுத்தான். இங்கையிருந்து பலாலிக்கு வாறனான்."

"எத்தினை தரம்?"

"பதினொரு தரம் வந்திட்டன்."

"பலாலி வரைக்கும் வந்திட்டு, வீட்டை வராமலோ திரும்பிப் போனனீ?"

அந்த வாரமே யன்னலிலிருந்து மட்டையைக் கழற்றிவிட்டேன். குழாயை அக்கா தன் உடுப்பு மெஷினுக்கு எடுத்துக்கொண்டா. கணினி மேசைக்குக் கீழே தூசி பிடித்துக் கிடக்கிறது. மிஞ்சியது தொப்பி மட்டும்தான்.

இப்போது அம்மாவுக்குக் கண் மங்கல். கைபேசியில் வருகிற முகங்கள் எல்லாம் அவவுக்கு ஒரே முகம். போன வருடம் ஒருநாள் என்னைப் பார்த்து, மரியாதையாக, "ஆர் பேசுறது?" என்று கேட்டா. குரலைக் கேட்டும் பிடிபடவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் எழும்பிப்போய் அலுமாரியிலிருந்து தொப்பியை எடுத்துப் போட்டேன். "ஆ, தம்பி," என்றா. அன்றிலிருந்து ஞாயிறு காலையில் பல் தீட்டுவதுபோலத் தொப்பியையும் போட்டுக்கொள்கிறேன்.

இந்த ஆடியில் லண்டன் அவிந்தது. கூரைக்குக் கீழே உள்ள அறை, யன்னல் இரண்டும் விரியத் திறந்தபடி, மேசையில் காற்றாடி. கம்பளித் தொப்பிக்குள்ளிருந்து வியர்வை கழுத்தால் வழிந்துகொண்டிருந்தது.

"அங்கை குளிரோ தம்பி?"

இவ்வளவு காலமும் இல்லையென்றுதான் சொல்லிவந்தேன். இல்லையென்றதும் அவ முகம் வாடிவிடும், மேலே ஒன்றும் கேட்கமாட்டா. அன்றைக்கு என்னால் முடியவில்லை.

"ஓம் அம்மா. சரியான குளிர்."

"யன்னலைப் பூட்டினியோ?"

"பூட்டிப்போட்டன்."

அம்மா பெருமூச்சு விட்டா. முகம் தெளிந்தது. கையை நீட்டிக் கைபேசியில் என் தொப்பியைத் தடவினா.

"இப்பத்தான் ராசா நீ எனக்கு உண்மை சொல்லுறாய்."

நான் தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.