பிக்கப்பைக் கட்டையாக்கிய கதை

போன கிழமை மருமகன் தன் கைத்தொலைபேசியில் ஒரு வீடியோ காட்டினான். வெள்ளைக்காரர் இரண்டு பேர், ஆஸ்பத்திரி மாதிரி வெளிச்சமான ஒரு கராஜில், நீளப் பெட்டி வைத்த பழைய பிக்கப் ஒன்றை நடுவால் அறுக்கிறார்கள். ஒரு துண்டை எடுத்து மூலையில் போட்டுவிட்டு மிச்சத்தைச் சேர்த்து ஒட்டுகிறார்கள். கட்டையாக்கினால் பார்க்க வடிவாம். வேறு காரணம் இல்லை. வேலை முடிந்ததும் கையைத் தட்டிக்கொண்டு பியர் குடித்தார்கள்.

"மாமா, நீங்களும் இப்பிடி வேலை செய்தனீங்கள்தானே?" என்று கேட்டான்.

ஓம் என்றேன். நாலு பேர் முன்னால் பேச்சு வராத ஆள் நான். அன்றைக்கு ஒருவன் முன்னாலும் வரவில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

கொட்டாஞ்சேனையில் கரீம் நானாவின் கராஜில் நான் வெல்டிங் செய்துகொண்டிருந்த காலம். கராஜ் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டு சுவருக்கு நடுவில் தகரம் போட்ட இடம். துறைமுகத்துப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்று இரும்பையெல்லாம் தின்றுவிடும்; அது தின்னத் தின்ன எங்களுக்கு வேலை. எஞ்சினிலிருந்து வடித்த கழிவு ஒயிலின் மணம் என் சோற்றிலும் இருந்தது. கல்யாணமான புதிதில் மனைவி என் சட்டையைத் தனி வாளியில் ஊறப்போடுவாள். "உங்களையும் சேர்த்து ஊறப்போடவேணும்" என்பாள். இப்போதும் பழைய பஸ் ஒன்று புகை விட்டுப் போனால் எனக்குப் பசிக்கிறது. சிரிக்காதீர்கள்.

அந்தக் கழிவு ஒயிலுக்கு எங்களிடம் ஒரு விசேஷ வேலை இருந்தது. ஒட்டிய இடத்தை கிரைண்டரால் மட்டமாகத் தேய்ப்போம். நானா வந்து கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தில் நகத்தை ஓட்டுவார். நகம் தட்டினால் திரும்பத் தேய்க்க வேண்டும். தட்டாவிட்டால் பெயின்ற் அடித்து, அது காய்ந்ததும் கழிவு ஒயிலில் றோட்டுத் தூசியைக் குழைத்து மேலே பூசுவோம். புதிய இரும்பு பழைய இரும்போடு கலந்துவிடும். வண்டிக்காரன் குனிந்து பார்த்து, "எங்கே நானா வேலை செய்தீங்க?" என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் நானாவுக்கு அன்றைக்குப் பெருநாள்.

சிவலிங்கம் அண்ணை வந்தது அப்படிப்பட்ட ஒரு நாளில்தான். வெள்ளவத்தையில் கல்யாண வீடுகளுக்கு மணவறை வாடகைக்குக் கொடுக்கிறவர். யாழ்ப்பாணத்து ஆள். அவருடைய தகப்பன் மலைநாட்டில் ஒரு தோட்டத்துத் துரையிடம் வாங்கிய பிக்கப்; எங்கள் எல்லோரையும்விட வயது கூடியது. மணவறைத் தூண்களைப் படுக்கவைக்க அந்த நீளப் பெட்டி அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். வண்டியைப் "பெரியம்மா" என்றுதான் சொல்வார். கராஜ் சந்தின் முனையில் நின்றே சத்தம் போடுவார்.

"நானா! பெரியம்மாவைக் கட்டையாக்கித் தரவேணும். வால் கேற்றுக்கு வெளியில நிக்குது."

நானா வண்டியைச் சுற்றி வந்தார். "அண்ணன், வாலை வெட்டினா பின் சில்லு எங்க ஈக்கும்? இடுப்பைத்தான் வெட்டணும்."

"எதையாவது வெட்டுங்கோ. எனக்கு நித்திரை வரவேணும்."

காரணம் இதுதான். அவருடைய வீட்டு முற்றத்துக்குள் பிக்கப் முழுதாக அடங்காது. கேற்றைப் பூட்ட முடியாது. அதனால் லேனில்தான் நிறுத்துவார். வடக்கில் யுத்தம் நடக்க, நகரத்தில் லொறியில் குண்டு வந்து வெடித்த காலம் அது. தமிழனுடைய வண்டி தெருவில் நின்றால் யாராவது பொலிசுக்குச் சொல்லிவிடுவார்கள். எதிர்வீட்டுச் சிங்கள அம்மா ஒருவர் இரண்டு தரம் சொன்னார். பிறகு அவரே வந்து, "கோபம் ஒன்றும் இல்லை மஹத்தயா, பயம்" என்றாராம். பொலிஸ் வந்து தூண்களையெல்லாம் தெருவில் இறக்கவைத்துப் பார்த்துவிட்டுப் போகும். வண்டி கேற்றுக்கு உள்ளே நின்றால் இந்தப் பாடு இல்லை. விற்றுவிட்டுச் சின்ன வண்டி வாங்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். தகப்பனுடைய வண்டி. நான் கேட்கவில்லை.

வேலை லேசானதில்லை. பெட்டியைக் கழற்றினால் செசி தெரியும். வண்டி முழுவதையும் தாங்கும் இரண்டு நீள இரும்புச் சட்டங்கள். மழைத்தண்ணீர் ஓடும் பீலி மாதிரி ஒரு பக்கம் திறந்திருக்கும். இரண்டையும் நடுவில், நேராக அல்ல, படி வைத்தாற்போல் வெட்டி, இரண்டடியை எடுத்தோம். பின்பாதியை முன்னால் தள்ளி நூல் பிடித்து ஒட்டினோம். பின் சில்லைச் சுற்றும் தண்டையும் பிரேக் குழாயையும் மேலே வைக்கும் பெட்டியையும் அதற்கேற்பக் குறைத்தோம். ஒட்டிய இடம் வளையாமல் இருக்க, பீலியின் திறந்த பக்கத்தைத் தகட்டால் மூடிப் பெட்டியாக்கினேன். அது என் யோசனை. நானா என் முதுகில் தட்டினார். பிறகு வழக்கம் போல நகம், பெயின்ற், ஒயில், தூசி.

சிவலிங்கம் அண்ணை கீழே படுத்துத் தேடினார். "எங்கையப்பா வெட்டினனீங்கள்? ஏமாத்திப் போட்டீங்களோ?"

அன்றைக்கு எங்களுக்குப் பெருநாள்தான்.

அடுத்த மாதமாக இருக்க வேண்டும். கல்கிசையில் ஒரு கல்யாணத்துக்கு மணவறை கட்டிவிட்டு வரும்போது காலி வீதிச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். ஒரு சிப்பாய் தடியில் கட்டிய கண்ணாடியை வண்டிக்குக் கீழே விட்டுப் பார்த்தான். பிறகு கம்பியால் சட்டத்தைத் தட்டினான். முன்னால் ஒரு சத்தம், பின்னால் அதே சத்தம், நடுவில் மட்டும் வேறு சத்தம். சுரண்டினார்கள். தூசிக்குக் கீழே ஒயில், ஒயிலுக்குக் கீழே புதுப் பெயின்ற், அதற்குக் கீழே பளபளவென்று புது இரும்பு. மூடிய பெட்டி. அண்ணையை அப்படியே கொண்டுபோய்விட்டார்கள்.

காலையில் அவருடைய மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவ, கராஜுக்கு ஓடிவந்தா. "நானா, ஒருக்கா வந்து சொல்லுங்கோ. வெட்டினது நீங்கள்தானே? நீங்கள் சொன்னா விடுவினம்."

போனோம். பொலிஸ் நிலையத்தில் நானா என்னை முன்னால் தள்ளிவிட்டார். கொட்டாஞ்சேனையில் வளர்ந்ததால் எனக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி. கூச்சத்தைத் தின்றுவிட்டு நான் கதைத்தேன். வெட்டினோம், ஒட்டினோம், பலத்துக்காக மூடினோம் என்றேன். அதிகாரி கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"சரி. ஏன் மறைத்தாய்?"

"மறைக்கவில்லை சேர். ஒட்டுத் தெரியாமல் அழகாகச் செய்தோம்."

"வண்டியின் வயிற்றுக்குக் கீழே யாருக்கு அழகு?"

கேட்டுவிட்டு எழும்பி, பொலிஸ் நிலைய முற்றத்துக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

முற்றத்தில் பெரியம்மா நின்றாள். திறந்து காட்டச் சொன்னார்கள். காஸ் சிலிண்டரைக் கராஜிலிருந்து எடுத்துவந்தோம். நான் நெருப்பைப் பற்றவைத்ததும் பொலிஸ்காரர் எல்லோரும் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டார்கள். நானா மட்டும் கிட்ட வந்து காதுக்குள் கேட்டார்:

"டேய், உள்ளுக்கு ஒண்ணும் இல்லதானே?"

நகத்தை ஓட்டிப் பார்த்த மனிதர். நான் மூடும்போது பக்கத்தில் விளக்குப் பிடித்த மனிதர்.

"நீங்கதானே நானா பக்கத்துல நிண்டீங்க" என்றேன்.

"ஓம், ஓம்" என்று சொல்லிவிட்டு அவரும் மூட்டைக்குப் பின்னால் போனார்.

ஒரு பக்கத்தை வெட்டித் திறந்தேன். நான் ஒட்டும்போது சிந்திய இரும்புப் பொட்டுகள் உள்ளே கிடந்தன. மற்றப் பக்கத்தையும் வெட்டு என்றார்கள். அங்கும் அதே பொட்டுகள். எதுவும் இல்லாமல் இருந்ததற்கு அதிகாரி என்னோடு கோபித்துக்கொண்டார். அன்றைக்கே விட்டுவிடுவார்கள் என்று அக்கா வாசலில் காத்து நின்றா. விடவில்லை. வண்டி வேறு, விசாரணை வேறு என்றார்கள்.

எத்தனையோ கிழமைகளுக்குப் பிறகுதான் விட்டார்கள். பிக்கப்பை இன்னொரு லொறியில் கட்டி இழுத்துக்கொண்டு கராஜுக்கு வந்தார். சந்தின் முனையில் சத்தம் வரவில்லை; கிட்ட வந்து நின்ற பிறகுதான் கண்டோம். சட்டைக்குள் ஆள் குறைந்திருந்தார். நானா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "புதுசா செஞ்சி தாரேன் அண்ணன், ஒரு கோடு தெரியாது" என்றார்.

"வேண்டாம் நானா. இந்தமுறை ஒட்டுத் தெரியவேணும். குருடனுக்கும் தெரியவேணும்."

"அசிங்கமா ஈக்குமே."

"இருக்கட்டும். வடிவாச் செய்ததுக்குத்தான் நான் உள்ளுக்கை கிடந்தனான்."

அப்படியே செய்தேன். கட்டிகட்டியாக ஒட்டி, தகட்டை வெளியே வைத்து, போல்ட் தலைகள் நீட்டிக்கொண்டு நிற்க, சிவப்பு அடிப் பெயின்றைப் பூசிவிட்டேன். நான் செய்த வேலைகளில் ஆக மோசமானது அதுதான். நானா முடியும்வரை தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். சோதனைச் சாவடிகளில் சிப்பாய்கள் அதைக் காட்டிச் சிரித்துவிட்டு, போ போ என்று விட்டார்களாம். அதன் பிறகு ஒரு தரமும் பிடித்து வைக்கவில்லை என்று அக்கா சொன்னா.

அவரைக் கடைசியாகக் கண்டது வெள்ளவத்தையில், சந்தைக்குப் பக்கத்தில். நடந்து வந்தார். "அண்ணை!" என்று கூப்பிட்டேன். திடுக்கிட்டு இரண்டு பக்கமும் பார்த்தார். கிட்ட வந்து, மெல்ல, "கொஹொமத?" என்றார். எப்படி இருக்கிறாய் என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டார். சுற்றிலும் தமிழ்க் கடைகள். அவருடைய சிங்களம் அரைகுறை. உடைந்து உடைந்து வந்தது. நான் தமிழில் பதில் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்த பிறகு சொல்ல மனம் வரவில்லை. நானும் சிங்களத்திலேயே, நல்ல சுகம் என்றேன். இரண்டு பேரும் அந்நியர் மாதிரித் தலையாட்டிவிட்டுப் பிரிந்தோம்.

பிறகு குடும்பத்தோடு வெளிநாட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்வி. அங்கேயே காலமானார் என்றும் சொன்னார்கள். வீடு நின்ற இடத்தில் மாடிக் கட்டடம். பிக்கப்பை யாரோ பழைய இரும்புக்கு எடுத்தார்கள். நானாவும் இல்லை, கராஜ் இருந்த சந்தில் இப்போது தொலைபேசி விற்கிறார்கள். சாவடிகள் நின்ற இடம் எதுவென்று மருமகனுக்குக் காட்டப் போனால் எனக்கே பிடிபடுவதில்லை.

காலி வீதியில் இன்று பெடியன்கள் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு தெரு முழுக்கக் கேட்கத் தமிழ் கதைத்துக்கொண்டு போகிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் மட்டும் நின்று கேட்பேன். சிவலிங்கம் அண்ணையை நினைத்தால் என் காதில் எஞ்சியிருப்பது அந்த உடைந்த சிங்களம் மட்டும்தான்.