மரைக்கார் கட்டிப்போன சாறன்

"கை கழுவத் தண்ணி எங்க கா?" என்று கேட்டுக்கொண்டேதான் நூஹு மரைக்கார் விசாரணை நடக்கிற வீட்டுக்குள் நுழைவார். தங்களுக்குள் அடிபட்ட அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு மூலையில் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். வேலியைப் பிடுங்கியது யார், மாட்டை வயலில் விட்டது யார் என்பதெல்லாம் அப்புறம். முதலில் கை கழுவும் தண்ணீர் விழப் படிக்கம் வரவேண்டும், செம்பில் தண்ணீர் வரவேண்டும், கை துடைக்க ஒரு துண்டு வரவேண்டும். அதற்குப் பின்னால் நெய்ச்சோறு வரும் என்பது அவருக்கும் தெரியும், வீட்டுக்காரருக்கும் தெரியும்.

மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரை அவர் கால் படாத சண்டை இல்லை. ஒரு கட்சி வீட்டில் பகல் சாப்பாடு, மறு கட்சி வீட்டில் இராச் சாப்பாடு. இரண்டு பக்கத்தையும் ருசி பார்க்காமல் நியாயம் சொல்லக்கூடாது என்பது அவர் கொள்கை. மருதாணி போட்ட தாடி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டு, அந்தச் சேட்டின் கடைசிப் பொத்தானுக்கு ஓயாத வேலை கொடுக்கும் வயிறு. "ரெண்டு பேரும் நம்மட புள்ளயள்தானே" என்று கண்ணை மூடிக்கொண்டு தொடங்குவார். "வாற வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் புறகு இரிந்து கதைப்பம்" என்று கண்ணைத் திறந்து முடிப்பார். அந்த வெள்ளிக்கிழமையும் வரும், படிக்கமும் வரும்.

இத்தனை வருடத்தில் அவர் ஒரு வழக்கையாவது முடித்து வைத்ததாக எனக்குத் தெரியாது. சொறிக்கல்முனைப் பக்கம் ஒரு வரம்புத் தகராறு. அவர் விசாரிக்கத் தொடங்கியபிறகு அந்த வயல் எத்தனையோ போகம் விளைந்து அறுத்தாகிவிட்டது. வரம்பு யாருடையது என்று மட்டும் இன்னும் தெரியவில்லை. கோர்ட்டு எவ்வளவோ மேல், நீதவானுக்குச் சோறு போட வேண்டியதில்லை என்று அந்த வயல்காரரே ஒருநாள் என்னிடம் அழாத குறையாகச் சொன்னார்.

இப்படிப்பட்ட மனிதர் சர்வதேச நடுவரானது எண்பத்திரண்டாம் ஆண்டில்.

மருதமுனைக் கைருன்னிஸா தறி வைத்திருப்பவள். கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போன கணவன் அங்கேயே சத்தமில்லாமல் இருந்துவிட்டான். அவள் தறிகளை நம்பிப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். அறுகம்பேயில் அலையேறி விளையாட வந்த ஒரு ஜெர்மன்காரப் பையன், அவள் நெய்த, இடுப்பில் கட்டுகிற சிவப்புச் சாறனொன்றைக் கடற்கரை மணலில் விரித்துப் படுத்துப் பார்த்தான். அவன் தகப்பன் ஹம்பர்க்கில் துணி இறக்குமதி செய்கிறவர். அப்படித்தான் அந்தப் பெரிய ஓடர் வந்தது. அது நிலைத்தால் வருடம் முழுக்கத் தறி ஓடும், பெண்கள் வீட்டில் அடுப்பு எரியும். பொதிகள் கொழும்பு வரை போயின. அங்கே ஹம்பர்க் கம்பனியின் ஆள் துணியை நனைத்துப் பார்த்துவிட்டு, சாயம் போகிறது, ஏற்கமாட்டோம் என்று சொல்லிவிட்டான்.

"முனாப் காக்கா தோய்ச்ச சாயம் போகா மாஸ்டர். அவன் வேற இடத்தில துணி புடிச்சிட்டான், அதான் சாட்டுச் செல்றான்" என்று கைருன்னிஸா ஒப்பந்தத்தோடு என்னிடம் வந்தாள். நான் பாண்டிருப்புக்காரன், ஆங்கிலம் படிப்பிக்கிறவன். இந்தப் பக்கத்தில் ஆங்கிலத்தில் எது வந்தாலும் என் தலையில்தான் விடியும்.

வாசித்து விளக்கினேன். இவள் ஊர்க் கோர்ட்டை அவன் நம்பமாட்டான், அவன் ஊர்க் கோர்ட்டை இவள் நம்பமாட்டாள். ஆகவே இரண்டுக்கும் போவதில்லை என்று இருவரும் முதலிலேயே ஒப்புக்கொண்டிருந்தார்கள். தகராறு வந்தால் துணி வியாபாரம் தெரிந்த ஒரு நடுவரை ஆளுக்கொருவராக நியமிக்க வேண்டும். அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தலைவராகத் தெரிவு செய்வார்கள். மூவர் சொல்வதே முடிவு. அதைக் கொண்டுபோய்க் காட்டினால் இரண்டு நாட்டுக் கோர்ட்டும் தலையாட்டும். முடிவு பிடிக்கவில்லை என்று திரும்ப விசாரிக்கச் சொல்லி மேலே போக முடியாது.

"அப்ப நம்மட பக்கத்துக்கு நூஹு மாமா" என்றாள் அவள். "வாப்பாக்கு மச்சான் முறை. கல்முனைச் சந்தையில துணிக்கட வெச்சிருந்தவர். நம்மள உட்டுத்தர மாட்டார்."

அவர் துணிக்கடை வைத்திருந்தது உண்மைதான். வாங்க வந்தவனோடும் விற்க வந்தவனோடும் சேர்ந்து தேநீர் குடித்தே அந்தக் கடை படுத்துவிட்டது.

கைருன்னிஸா வீட்டில் நெய்ச்சோறு முடிந்தபின் நான் மரைக்காரிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். "அவள் நியமித்த ஆள் நீங்கள். ஆனால் அவளுடைய ஆள் இல்லை. எந்தப் பக்கமும் சாயக்கூடாது."

மரைக்கார் பல்லுக் குத்துவதை நிறுத்தினார். "என்ன கதை கதைக்கீங்க மாஸ்டர்? ஒறவில்லாத ஒருத்தன் எப்பிடித் தீர்ப்புச் செல்லுவான்? அவனுக்கு என்ன நோகுது? மொகம் தெரியாதவனுக்கிட்ட ஆரு உண்மை கதைப்பான்?"

நியாயமான கேள்வி. நான் பதிலைத் தொடங்கும்போது இனிப்புக்கு வட்டிலப்பம் வந்துவிட்டது, அவர் கேட்கவில்லை. புறப்படும்போது கைருன்னிஸா, ஓடரில் மிஞ்சிய சிவப்புச் சாறனொன்றை அவரிடம் கொடுத்தாள். "கொழும்புக்கு இதக் கட்டிப் போங்க மாமா. நம்மட துணி எப்பிடியெண்டு அவங்க பாக்கட்டும்."

விசாரணை இரு கட்சிக்கும் சொந்தமில்லாத சிங்கப்பூரில் என்றுதான் ஒப்பந்தம் சொன்னது. பொதிகள் கொழும்பில் கிடந்ததால், எல்லோரும் சம்மதித்து அங்கேயே ஒரு ஹோட்டலில் கூடினார்கள். சிங்கப்பூர் தவறிப்போனதில் மரைக்காருக்குத் தாங்கமுடியாத துக்கம். "பிளேனில சோறும் குடுப்பாங்களாமே" என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தார். மொழிபெயர்க்க நானும், வழக்குக்காரியாகக் கைருன்னிஸாவும் அதே பஸ்ஸில் போனோம். இறங்கினால் கொட்டுகிற மழை. மரைக்காரின் குடை அவர் தொப்பியைக் காத்தது, சாறனைக் காக்கவில்லை.

அறையில் கதிரைகளுக்கெல்லாம் வெள்ளை உறை போட்டிருந்தது. தலைவர் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு அம்மாள், குரலை உயர்த்தாதவர். மற்ற நடுவர் துணி ஆலைகளிலேயே கிழவராகிப்போன ஒரு ஜெர்மன்காரர். தொடங்குமுன் அம்மாள் வழக்கமான கேள்வியைக் கேட்டார். இரு கட்சியில் எவரோடாவது உங்களுக்கு உறவோ தொடர்போ உண்டா? ஜெர்மன்காரர் நெடுநேரம் யோசித்து, எப்போதோ ஒரு விருந்தில் அந்தக் கம்பனிக்காரரோடு கைகுலுக்கியதாகச் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

மரைக்காருக்கு அந்த மனிதர்மேல் இரக்கமே வந்துவிட்டது. "பாவம், இவருக்கு அவ்வளவுதானா?" என்று என் காதில் சொல்லிவிட்டு, தன் முறை வந்ததும் நெஞ்சை நிமிர்த்தினார்.

"வடிவாச் செல்லுங்க மாஸ்டர். கைருன்னிஸா எனக்கு மருமகள் முறை. அவட கலியாணத்துக்கு நான்தான் முன்னுக்கு நிண்ட. முந்தநாளும் அவட வீட்டிலதான் சோறு. இந்தா, இந்தச் சாறனும் அவதான் தந்த. இதுக்கு மேல என்ன தகுதி வேணுமாம்?"

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அம்மாளின் பேனை நின்றுவிட்டது. என் ஆங்கிலம் காணாது என்று நினைத்த மரைக்கார், துணியின் தரத்தைத் தானே காட்டுவதற்கு எழுந்தார். முன்பக்கத்தைப் பிடித்துக் காட்டினார். பின்பக்கமும் பார்க்கட்டும் என்று பெருமையோடு திரும்பினார்.

வெள்ளைச் சேட்டின் பின்விளிம்பு முழுக்கச் சிவப்பு. அவர் இருந்த கதிரையின் உறையிலும் அகலமாக ஒரு சிவப்பு வட்டம். ஜெர்மன்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதிரையருகே வந்து, விரலால் தொட்டு, விரலைப் பார்த்தார். கம்பனி வக்கீல் தன் கோப்பை மூடிவைத்தார். அதைத் திறக்கவேண்டிய தேவை அவருக்கு இனி இருக்கவில்லை. எனக்குச் சிரிப்பு முட்டியது. கைருன்னிஸா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிலத்தைப் பார்ப்பதைக் கண்டேன், சிரிப்பு போய்விட்டது.

மரைக்காரை அன்றைக்கே விலக்கினார்கள். அவர் இடத்துக்குக் கைருன்னிஸா கொழும்பிலேயே துணி தெரிந்த ஒருவரை நியமித்தாள். பொதிகளைத் திறந்து, நனைத்து, பிழிந்து பார்த்துவிட்டு மூவரும் ஒரே முடிவை எழுதினார்கள். கம்பனி துணியை ஏற்க வேண்டியதில்லை. அவள் நியமித்தவரும் கையெழுத்து வைத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் மரைக்கார் கொதித்தார். "உடக்கூடா மாஸ்டர். மேல போவம்."

"மேலே இடமில்லை மரைக்கார். முடிந்தது முடிந்ததுதான்."

"ஒருக்காச் செல்லிப்போட்டு எழும்பிப் போறதா? இதெல்லாம் ஒரு விசாரணையா? சாப்பாடும் இல்ல, மறுகா இரிந்து கதைக்கிறதும் இல்ல. சனம் எப்பிடிச் சமாதானமாகும்?"

மகாஓயா வரை இப்படியே பொரிந்துவிட்டுத் தூங்கிப்போனார். முன் ஆசனத்தில் கைருன்னிஸா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை, ஒரேயொரு வார்த்தை, அவர் வருத்தம் சொல்லவில்லை. நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஊரில் கதை வேறு விதமாக இறங்கியது. தன் கேள்விகளுக்குப் பயந்துதான் தன்னை வெளியே அனுப்பினார்களாம். இப்போதெல்லாம் எந்த விசாரணையிலும் "நான் சர்வதேசம் பாத்த ஆள்" என்றுதான் தொடங்குகிறார். அழைப்புகள் கூடியிருக்கின்றன, வயிறும் கூடியிருக்கிறது.

பொதிகள் மருதமுனைக்குத் திரும்பி வந்தன. தறிகளில் பாதி நின்றுபோயின. நூல் சுற்றிய பெண்கள் நெல் அவிக்கிற வேலை தேடிப் போனார்கள். அவசரத்தில் சாயத்தைச் சரியாகப் பிடிக்கவிடாமல் தோய்த்துத் தந்தாய் என்று கைருன்னிஸா முனாபைப் பிடித்தாள். முனாப் இல்லையென்று சாதித்தார். சத்தம் தெருவுக்கு வந்தது. முனாப் நியாயம் கேட்க ஓர் ஆளைக் கைருன்னிஸா வீட்டுக்கு அழைத்து வந்தார். வேறு யார்?

அன்று நானும் அங்கே இருந்தேன். முனாப் வீட்டுப் பகல் சாப்பாடு மரைக்காரின் குரலிலேயே தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "முனாப்பக் குறை செல்லேலா புள்ள. சாயத்தில ஒரு பிழையும் இல்ல. அது தண்ணியில போகாத சாயம். எல்லாம் வெள்ளக்காரன் செஞ்ச வேல." பிறகு கண்ணைத் திறந்து, வழக்கமானதைக் கேட்டார். "கை கழுவத் தண்ணி எங்க கா?"

கைருன்னிஸா எழுந்து உள்ளே போனாள். படிக்கத்தைக் கொண்டுவந்து வைத்தாள். செம்பைச் சரித்து அவர் கைகளில் தண்ணீர் ஊற்றினாள். துடைக்கிற துண்டுக்குப் பதிலாக, பொதியிலிருந்து உருவிய புத்தம்புதுச் சிவப்புச் சாறனொன்றை நீட்டினாள்.

மரைக்கார் சாறனைப் பார்த்தார். தன் வெள்ளைச் சேட்டைப் பார்த்தார். பின்பு ஈரக் கைகள் இரண்டையும் முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, காற்றில் உலர்த்தத் தொடங்கினார்.