சூடு பட்ட சீட்டு

தெருமுனையில் பத்தொன்பது வருஷமாக இஸ்திரி வண்டி வைத்திருந்தவரை எல்லாரும் 'மடிப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. கசங்கினது எதைக் கண்டாலும் மனிதருக்குக் கை சும்மா இருக்காது.

அனுமதி அட்டை இல்லாத வண்டியெல்லாம் வெள்ளிக்கிழமை லாரியில் ஏறும், காலியான இடத்தில் கம்பி வேலி போட்டுவிடுவோம் என்று முனிசிபல் ஆபீசிலிருந்து வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். மடிப்பு முன்பே மனுக் கொடுத்திருந்தார். வியாழக்கிழமை போய், அப்போது கொடுத்த நம்பர் சீட்டைக் காட்டி அட்டையை வாங்கிவர வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் புதன்கிழமை முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆபீஸ் வாசலை மிதிக்கவே பயப்படும் ஜாதகம்.

சாயங்காலம் காகிதங்களை மேஜையில் பரப்பி, மேலே ஈரத்துணி போட்டு ஒவ்வொன்றாகத் தேய்க்க ஆரம்பித்தார். கூடவே குடியிருந்த மூத்த அக்கா, புருஷன் போனபிறகு தம்பியே கதியென்று வந்தவள், எட்டிப் பார்த்தாள்.

"காகிதத்துக்குமாடா கஞ்சி போடப் போற?"

"கசங்கின காகிதத்தோட போனா ஆளையும் அப்படித்தான் எடை போடுவாங்கக்கா. வாசல்லயே நிறுத்திடுவாங்க."

வீட்டு வாடகைச் சீட்டு விறைப்பாக நின்றது. அடையாள அட்டையின் நகல் புதுசு மாதிரி ஆனது. கடைசியாக அந்தச் சின்னச் சீட்டு. நாலாக மடித்துச் சட்டைப்பையில் கிடந்ததால் அதில்தான் மடிப்பு அதிகம். பெட்டியை வைத்து ஒரு இழுப்பு இழுத்துத் துணியை எடுத்தார். சீட்டு கன்னங்கரேலென்று இருந்தது. எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை.

"அக்கா," என்றார். சீட்டைத் தூக்கிக் காட்டினார்.

வியாழக்கிழமை ஆபீஸ் ஜன்னலில் குமாஸ்தா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"என்னய்யா இது, கரிக்கட்டையா?"

"தேய்ச்சேங்க."

"சீட்டையா? மிஷின்ல வர்ற தாளுய்யா இது, சூடு பட்டா கறுத்துடும். அறுநூறு மனுவும் நம்பர் வரிசையில கட்டி வெச்சிருக்கோம். நம்பர் இல்லாம நான் எங்க தேடுறது? தள்ளு, தள்ளு."

மடிப்பு தள்ளி நின்றுவிட்டார். அவர் பிறவியே அப்படி. கூட வந்திருந்த அக்காதான் நகரவில்லை.

"இருங்க தம்பி. மனுக் கொடுக்கறப்ப எங்களுக்கு முன்னாடி நின்னவரு பூட்டு ரிப்பேர்காரரு. அவரோட மருமகளுக்கு அன்னிக்குத்தான் பிரசவ வலி, மனுஷன் வரிசையில நின்னு துடிச்சிட்டிருந்தாரு. அவரு நம்பருக்கு அடுத்தது எங்களது."

"அப்ப அதைக் கேட்டுட்டு வாங்கம்மா."

மூன்று தெரு தள்ளி அந்தப் பூட்டுக்காரர் கடை. அவரோ யார் வீட்டுக் கதவையோ திறக்கப் போயிருந்தார். வாசலில் காத்துக் கிடந்தார்கள். வந்தவர் பேத்தி பிறந்த கதையை முதலில் சொல்லி, பிறகுதான் எண்ணைச் சொன்னார்: நானூற்றுப் பன்னிரண்டு. இருவரும் ஓட்டமும் நடையுமாகத் திரும்பினபோது மணி மூன்று.

குமாஸ்தா கட்டை அவிழ்த்தார். நானூற்றுப் பதின்மூன்றில் மடிப்பின் போட்டோ திருதிருவென்று விழித்தது. அட்டையும் தயார். கையெழுத்து மட்டும் இல்லை.

"மத்தியானம் வரைக்கும் ஐயா இருந்தாரு. காலையில கெடைச்சிருந்தா வாங்கியிருக்கலாம். நாளைக்கு ஐயா லீவு, இனி திங்கக்கிழமைதான்."

"லாரி நாளைக்கே வருதேங்க..."

"லாரி வேற செக்‌ஷன்."

வழியெல்லாம் அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

வெள்ளிக்கிழமை காலையில் வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு போய் வீட்டு நடையில் நுழைத்தார். ஆள் ஒருச்சாய்ந்துதான் உள்ளே போகமுடியும். பிறகு வெறுங்கையோடு தெருமுனைக்கு வந்து, வண்டி நின்ற இடத்தில், எண்ணெய்க்கறை படிந்த நாலு தடத்துக்கு நடுவில் நின்றுகொண்டார்.

லாரி வந்தது. பின்னாலேயே கம்பியும் வந்தது.

"நகருய்யா, வேலி போடணும்."

"அட்டை ரெடியா இருக்குங்க. திங்கக்கிழமை கையெழுத்து ஆயிடும்."

"அட்டை எங்க?"

"ஆபீஸ்ல."

லாரிக்காரன் சிரித்தான். "ஆளை ஏத்த எங்களுக்கு உத்தரவு இல்ல. நிக்கறதுன்னா நில்லு. எத்தனை நாளைக்கு நிப்ப?"

மடிப்பு நகரவில்லை. வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. அக்கா வீட்டிலிருந்து ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"உக்காருடா. ராத்திரிக்கு நான் மாத்திக்கறேன்."